பார்பா தட்டிய ஜன்னல்

பிரான்சின் மேற்குக் கடலில் இருக்கும் எங்கள் உவெஸான் தீவில், பொழுது சாயும் நேரத்தில் பார்பா மல்கோர்ன் பாதையில் நடந்து வந்தால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவள் அல்ல. ஆனால் கடலில் ஒருவன் செத்துப்போனால் அந்தச் செய்தியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் அவள்தான். ஜன்னலில் மூன்று முறை தட்டுவாள். "இன்னிக்கு ராத்திரி உன் வீட்டுல ப்ரோயெல்லா, கண்ணு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படாது.

உடல் கிடைக்காதவனுக்கு அவன் வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு சின்ன மெழுகுச் சிலுவையை வைத்து, அதையே அவனாக நினைத்து விடிய விடிய அழுதுகொண்டு உட்கார்ந்திருப்போம். அதுதான் ப்ரோயெல்லா. காலையில் அந்தச் சிலுவையைக் கோயிலுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்வோம். செய்யாவிட்டால் செத்தவன் அலைவான். காற்றோடு வந்து கூரையடியில் நின்று அழுவான்.

அவளுக்கு முன்னால் ஜன்னல் தட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள், குடும்பத்துப் பெரியவர்கள். ஒரு பெண் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்பதைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு ராஜாக்களின் சண்டையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இருவரில் யாரும் எங்கள் தீவைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு ஜூலை மாதம், பார்பா வயலில் கொத்திக்கொண்டிருந்தாள். எங்கள் தீவில் நிலத்து வேலை முழுக்கப் பெண்களுடையது. ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். அவளோடு கொத்திக்கொண்டிருந்தவள் கட்டெல். பார்பாவின் கணவன் ஏர்வேயும் கட்டெலின் கணவன் கூல்வெனும் சித்தப்பா பெரியப்பா மக்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அன்று மேற்கே மின்னலே இல்லாமல் இடி இடித்தது. நிற்கவே இல்லை.

"இடியா அக்கா?" என்று கேட்டாள் கட்டெல்.

"இடி இப்படி மூச்சு விடாம இடிக்குமா? பீரங்கிடி."

"யாரு சுடுறா?"

"இங்கிலீஷ்காரன் நம்மாளைச் சுடுறான், நம்மாளு அவனைச் சுடுறான்."

"எதுக்காம்?"

"அமெரிக்காவுக்காம். சர்க்கரை விளையிற தீவுங்களுக்காம். இந்தியாவுல துணி நெய்யிற ஊருங்களுக்காம். எது யாரோடதுன்னு சண்டை. துறைமுகத்துல பேசிக்கிறாங்க."

"நீ சர்க்கரை தின்னிருக்கியா?"

"என் கல்யாணத்தன்னிக்கு சாமியார் ஒரு கட்டி குடுத்தாரு. வாயில போட்டேன். ஏர்வே முத்தம் குடுக்கிற சாக்குல பாதியைப் பிடுங்கிட்டான்."

கட்டெல் சிரித்தாள். "அப்போ சண்டை உங்க வீட்டுலதான் ஆரம்பிச்சிருக்கு!"

அந்தச் சிரிப்பு முடியும்போது பீரங்கிச் சத்தத்தில் மண்வெட்டிக் காம்பு கையில் மெல்ல அதிர்வது இருவருக்கும் தெரிந்தது. மறுபடி கொத்த ஆரம்பித்தார்கள்.

பார்பா துணிச்சல்காரி. எங்கள் ஊர் வழக்கப்படி, ஏர்வே பெண் கேட்டு அவள் வீட்டுக்கு வரவில்லை. அவள்தான் உப்புக் கண்டம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு அவன் தாயார் வீட்டுக்குப் போனாள். கண்டத்தைச் சமைத்து அவளையும் உட்காரவைத்துச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தாயார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏர்வே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். அப்படிப்பட்டவளுக்குக் குழந்தை மட்டும் பிறக்கவில்லை. கட்டெலுக்கு வருஷம் ஒன்றாகப் பிறந்தது. கட்டெலின் குழந்தைகள் பாதி நேரம் பார்பாவின் வீட்டில்தான் சாப்பிட்டன.

கடற்கரை ஆண்கள் எல்லாரும் முறைவைத்து ராஜாவின் போர்க்கப்பலில் வேலை செய்தாக வேண்டும். ஏர்வேக்கும் கூல்வெனுக்கும் ஒரே சமயத்தில் முறை வந்தது. 1781-ஆம் வருஷத்து வசந்தத்தில் ப்ரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பற்படையில் இருவரும் ஒரே கப்பலில் ஏறினார்கள். அந்தக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

கிளம்பும்போது கூல்வென் சொன்னான்: "கவலைப்படாதீங்க அண்ணி. ரெண்டு பேரும் ஒரே பீரங்கியில நிக்கிறோம். குண்டு வந்தா ஏர்வே பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். அவன் என்னைவிடக் கொஞ்சம் அகலம்."

"அகலம்னா அவனைத்தான் முதல்ல அடிக்கும், முட்டாள்," என்றாள் பார்பா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த இருவருக்கும் பெரியப்பாவான ரியோக் மட்டும் சிரிக்கவில்லை.

ரியோக் இரண்டு வீட்டுக்கும் மூத்தவர். ஏதாவது நடந்தால் ஜன்னல் தட்ட வேண்டியவர் அவர்தான். அதனால் சண்டை நடந்த வருஷங்களில் அவர் சாயங்காலம் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். செம்மறி ஆடு காணாமல் போனாலும் விடிந்த பிறகுதான் தேடுவார். தப்பித்தவறி இருட்டும் நேரத்தில் நடக்க வேண்டி வந்தால், தூரத்திலேயே பலமாக இருமிக்கொண்டு வருவார். இருமல் கேட்டால் பயமில்லை. தட்டப் போகிறவர் இரும மாட்டார்.

இங்கிலாந்துக் கப்பல்கள் தீவைச் சுற்றித் திரிந்தன. மீன் பிடிக்கப் போன படகுகள் பிடிபட்டன. பார்லி ரொட்டியும் பாலும் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆனால் பெண்கள் பயந்தது பசிக்கு அல்ல, அந்த நேரத்துக்கு. வெளிச்சம் போய், பாதை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, ஜன்னல் தட்ட வருவது அப்போதுதான்; வீட்டுக்கு வீடு அடுப்பில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். முழுதாக இருட்டிய பிறகு கட்டெல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்:

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது. தூங்கு."

இப்படி ஒவ்வொரு நாளும்.

1783 குளிர்காலத்தில் கோயில் மணி விடாமல் அடித்தது. ராஜாக்கள் சமாதானம் செய்துகொண்டார்கள் என்று சாமியார் சொன்னார். யாருக்கு எந்தத் தீவு, யாருக்கு எந்த ஊர் என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டதாம். அன்று சாயங்காலம் ரியோக் மாமா வேண்டுமென்றே குடித்துவிட்டு, இருமாமல், பாதை முழுக்கப் பாடிக்கொண்டு நடந்தார். பெண்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். "மாமா, உங்க பாட்டுக்கு இருமலே தேவலாம்!" என்று கட்டெல் கத்தினாள்.

அன்றிலிருந்து சுவர் வழியே கேட்பது நின்றது. ஜூனில் புனித ஜானின் திருநாளுக்கு மேட்டில் நெருப்பு மூட்டினார்கள். பார்பா பாவாடையைத் தூக்கிக்கொண்டு நெருப்பைத் தாண்டினாள். கட்டெலையும் கையைப் பிடித்து இழுத்துத் தாண்டவைத்தாள். இருவரும் புல்லில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். தன் வாழ்நாளில் பயமே இல்லாத நாட்கள் அவைதான் என்று பார்பா பிற்பாடு சொல்லுவாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் ஒரு நாள் கடுமையான மூடுபனி. ப்ரெஸ்டுக்குப் போக வேண்டிய ஒரு படகு வழி தெரியாமல் எங்கள் லாம்போல் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. அதில் இந்தியாவிலிருந்து திரும்பிய மாலுமி ஒருவன் இருந்தான். ரியோக் மாமா அவனைச் சாராயக் கடைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார் என்று மதியமே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பார்பாவும் கட்டெலும் வயலில் கடற்பாசி உரம் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் குறைந்தது. பனிக்குள்ளிருந்து ரியோக் மாமா பாதையில் ஏறி வருவது தெரிந்தது.

அவர் இருமவில்லை.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் கருவிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஓடவில்லை. பார்பா கதவைச் சாத்திக்கொண்டு மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டெலின் குழந்தை ஒன்று சிணுங்கியது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல் நின்றது. காலடி வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பார்பா வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தாள். எதை வேண்டிக்கொள்ளப் போகிறோம் என்று புரிந்த உடனே வாயை மூடிக்கொண்டாள்.

அவள் ஜன்னலில் மூன்று தட்டு கேட்டது.

"இன்னிக்கு ராத்திரி உன் வீட்டுல ப்ரோயெல்லா, கண்ணு."

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டெல், "மாதாவே, உனக்கு நன்றி" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. பிறகு ஓவென்று அழுகை. அவள்தான் முதலில் ஓடி வந்து பார்பாவைக் கட்டிக்கொண்டவள். "கேட்டுச்சா அக்கா? கேட்டுச்சா? மன்னிச்சுக்கோ," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எதையும் கேக்கல," என்றாள் பார்பா.

துணி விரித்தார்கள். சிலுவை வந்தது. இந்தியாவில் கடலூர் என்ற ஊருக்கு எதிரே நடந்த கடைசிச் சண்டையில் அவன் செத்தான் என்று ரியோக் மாமா சொன்னார். காலையில் சிலுவையை அடக்கம் செய்தார்கள். பார்பா கறுப்பு உடுத்திக்கொண்டாள். அவள் உடைந்துபோவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. ஆனால் அவள் அமைதியாகிவிட்டாள். வர வேண்டிய பயம் வந்து முடிந்துவிட்டது. இனிமேல் எந்தக் காலடியும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. இருட்டும் நேரத்தில் தைரியமாக அடுப்பு மூட்டிச் சமைத்தாள்.

இப்போது பயம் கட்டெலுக்குத்தான். கூல்வென் ஏன் இன்னும் வரவில்லை? சுவர் வழியே மறுபடி கேட்க ஆரம்பித்தாள்: "முடிஞ்சுதா அக்கா?"

அறுவடை சமயத்தில் ரியோக் மாமா படுக்கையில் விழுந்தார். பார்பா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். அவர் கஞ்சியை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும். நீ என்னைத் திட்டு. ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டு."

"கஞ்சி ஆறிடும் மாமா."

"ஆறட்டும். அந்த மாலுமிக்குப் பேரு தெரியாது. கப்பல்ல நம்ம பசங்க ரெண்டு பேரையும் 'தீவு, தீவு'ன்னுதான் கூப்பிடுவாங்களாம். தீவு செத்தான்னான். எந்தத் தீவுடான்னு கேட்டேன். ஒரே மாதிரி இருப்பானுங்க, ஒருத்தன் செத்தான், இன்னொருத்தன் பக்கத்துல அடிபட்டுக் கிடந்தான்னான். அவ்வளவுதான்."

பார்பா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எப்படி என் ஜன்னலைத் தட்டுனீங்க?"

"செத்தவன் அலையக் கூடாதும்மா. யாருக்காவது சிலுவை வைக்கணும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நின்னேன். அங்க சின்னஞ்சிறுசு மூணு. உன் வீட்டுல..." அவர் முடிக்கவில்லை.

"என் வீட்டுல யாரும் இல்ல," என்று பார்பா முடித்தாள். "அழறதுக்கு ஆள் கம்மியா இருக்கிற வீடாப் பார்த்துத் தட்டுனீங்க."

"திட்டு," என்றார் கிழவர்.

அவள் திட்டவில்லை. கஞ்சியை மறுபடி சூடாக்கி ஊட்டினாள். சில நாளில் அவர் இறந்துபோனார். அந்த விஷயம் அவளோடு தங்கிவிட்டது.

இதற்கு அப்புறம் வந்த பயம் முன்னே இருந்த பயம் மாதிரி அல்ல. ஏர்வே உயிரோடு இருக்கலாம் என்று நினைத்த உடனே நெஞ்சு துள்ளும். துள்ளிய உடனே சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சண்டை போடும் சத்தம் கேட்கும். அவன் வந்தால் கூல்வென் இல்லை. கட்டெலிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை போனாள். ஒருநாள் கட்டெல் கூல்வெனுக்காகக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். "பாதம் இவ்வளவு பெருசாவா இருந்துச்சு அக்கா? மறந்தே போச்சு," என்று பார்பாவின் கையில் வைத்து அளந்து பார்த்தாள். பார்பா உப்பு கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டு, உப்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அவள் வீட்டில் உப்பு நிறையவே இருந்தது.

ஒவ்வொரு படகையும் பார்த்து நடுங்கினாள். தன் புருஷன் அதில் இருந்துவிடுவானோ என்று பயந்தாள். இப்படி ஒரு பயம் எனக்கு வரக் கூடாது என்று கோயிலில் அழுதாள். இரவில் கட்டெல் கேட்பாள்: "முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது. தூங்கு," என்பாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

இலையுதிர்காலத்தில், பனி விழுந்த ஒரு பிற்பகலில், லாம்போல் பக்கமிருந்து ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். கூடையை வழியிலேயே போட்டுவிட்டிருந்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "செத்தவன் நடந்து வர்றான்! மல்கோர்ன் வீட்டுச் செத்தவன்!" என்றாள். யார் என்று கேட்பதற்குள் தன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

வயலில் இருந்த கட்டெல் நிமிர்ந்தாள். பனிக்குள் ஒருவன் தோளில் மூட்டையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தான். அகலமான தோள், இரண்டு பேருக்குமே அப்படித்தான்.

"கூல்வென்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் கட்டெல். "கூல்வென்!"

பார்பா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த நடையை அவளுக்குத் தெரியும். கால் நொண்டினாலும் தெரியும்.  

பாதி வழியில் கட்டெல் நின்றுவிட்டாள். ஏர்வே தொப்பியைக் கழற்றினான். செத்த செய்தியை எங்கள் ஊரில் பாதையில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். அது வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஜன்னல் வழியாக. அவன் இந்தத் தீவில் பிறந்தவன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

"வீட்டுக்குப் போ, கட்டெல். குளிருது," என்று மட்டும் சொன்னான்.

கட்டெல் திரும்பி பார்பாவைப் பார்த்தாள். பார்பாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைக் கண்டுகொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டுல ஒண்ணுன்னு தெரியும்."

"எப்போலருந்து?"

"அறுப்பு சமயத்துலருந்து. ரியோக் மாமா சொன்னாரு."

"உப்பு கேக்க வந்தியே, அன்னிக்கா?"

பார்பா ஆமென்று தலையை ஆட்டினாள். கட்டெல் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏர்வே தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். "என்னை அடக்கம் பண்ணிட்டீங்களாமே. துறைமுகத்துல சொன்னாங்க. சிலுவையாவது பெருசா வச்சீங்களா?"

"விரல் அளவு."

"அவ்வளவுதானா நானு?" என்று சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டான். "பீரங்கிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவ்வளவுதான் வித்தியாசம். அவனைக் கடல்ல எறக்குன பிறகு வெள்ளைக் கொடி கட்டிட்டு ஒரு இங்கிலீஷ் கப்பல் வந்துச்சு. சமாதானம் ஆயிடுச்சு, குளிர்காலத்துலயே ஆயிடுச்சு, இப்போதான் சேதி வந்துச்சுன்னான். நேத்து வரைக்கும் சுட்டவனும் நாங்களும் எதிரெதிர் நின்னு பார்த்துட்டு இருந்தோம்."

"எந்த மாசம்?" என்று கேட்டாள் பார்பா.

"ஜூன். புனித ஜான் திருநாளை ஒட்டி."

நெருப்பைத் தாண்டி, புல்லில் விழுந்து, கட்டெலோடு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஏர்வே அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குழந்தைகள்கூட மூச்சுக் காட்டவில்லை. பிறகு கட்டெலின் குரல் கேட்டது. அழுகிற குரல் இல்லை.

"அக்கா."

"இருக்கேன்."

"ரியோக் மாமா இல்ல. யாராவது வந்து தட்டணும்."

"ஏர்வே வருவான்."

"அவன் வேண்டாம். அவன் குரலைக் கேட்டா 'நீ ஏன் உயிரோட வந்தே'ன்னு கேட்டுருவேன். அப்புறம் காலத்துக்கும் அந்த வார்த்தை நமக்கு நடுவுல நிக்கும். தட்டாம நான் எப்படி அழுவேன்? பிள்ளைங்க என் முகத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கு. நீ வா."

"பொம்பளை தட்டுறது வழக்கம் இல்லையேடி."

"தப்பான ஜன்னலைத் தட்டுறதும்தான் வழக்கம் இல்ல," என்றாள் கட்டெல். "வா அக்கா. இருட்டிடும்."

பார்பா எழுந்தாள். கறுப்புத் துணியை இன்னும் மாற்றவில்லை. வெளியே பனி ஈரமாக முகத்தில் ஒட்டியது. தன் வாசலிலிருந்து கட்டெலின் ஜன்னலுக்கு நாலு எட்டுதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில், ரியோக் மாமா நின்ற அதே இடத்தில், அவள் கால் நின்றுவிட்டது. அவர் அன்று ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது இப்போது புரிந்தது. உள்ளே இருப்பவளுக்குத்தான் பயம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள்.

அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்புச் சத்தம் நின்றிருந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கையைத் தூக்கினாள்.  உள்ளே கட்டெல் மூச்சு விடுவது பலகை வழியே கேட்டது. அவளும் அந்தப் பக்கம் ஜன்னலிலேயே சாய்ந்து நின்றிருக்க வேண்டும்.

பார்பா மூன்று முறை தட்டினாள்.